பக்கவாட்டில் ஒரு முழங்கை

மூன்று வளையங்கள்.
கார்பன் பதினெட்டு, ஹைட்ரஜன் பதினான்கு;
எத்தனை முறை எண்ணினாலும் அதே கணக்கு.
நேர்கோட்டில் கோத்தால் ஒரு பொருள்.
நடு வளையத்தின் அடுத்தடுத்த மூலைகளில் மாட்டினால்
வேறு.

நேரானது உருக இருநூற்றுப் பதின்மூன்று டிகிரி வேண்டும்.
சூடு சற்றே தணிந்தால் போதும்,
பெட்டிக்குத் திரும்பிய தீக்குச்சிகள்.
வளைந்தது ஐம்பத்தெட்டிலேயே இளகிவிடுகிறது.
பிறகு குளிரக் குளிர
எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்கிறது.

ஏனென்று ஹில்க்கா பலகையில் வரைந்து காட்டினாள்.
எனக்குப் புரிந்தது சனிக்கிழமை சவுனாவில்தான்.
மேல்பலகை ஆறு பேரைத் தாராளமாகக் கொள்ளும்.
அன்று தௌனோ வந்தான்:
பனிச்சறுக்கில் ஒடிந்த கை, மடக்கிய மாவுக்கட்டு,
அதன்மேல் சுற்றிய கடைப் பை.
இப்படித் திரும்பினான், அப்படித் திரும்பினான்.
நால்வருக்குமேல் இடமில்லை.
யாரும் யாரையும் தள்ளவில்லை; முழங்கைதான்.
தண்ணீர் பட்ட கற்கள் சீற,
மிஞ்சியவர்கள் கதவருகே வேர்த்து நின்றோம்.

நேற்று இரவு குவோபியோவில் மைனஸ் முப்பத்து நான்கு.
ஏரி எப்போதோ படிந்துவிட்டது.
தண்ணீருக்கு அடங்கி உட்காரத் தெரியும்,
உட்காரும்போது முனகவும் தெரியும்.
நான் சோதனைக்குழாயை வெந்நீரில் வைத்து உருக்கி
பால்கனிக் கம்பியில் கட்டிவிட்டேன்.
விடியும்வரை முனகலே இல்லை.
நின்ற இடத்திலேயே நின்றுபோன கூட்டம்,
வரிசையும் இல்லாமல்,
கலையவும் முடியாமல்.
அதனூடே தெருவிளக்கும் பிர்ச் மரமும்
இடம்வலம் மாறித் தெரிந்தன, துல்லியமாக.

இப்படியொரு முழங்கையை மருந்துக்குப் பூட்டத்தான்
ஹில்க்கா ஆறு வருடமாக அலைகிறாள்.
வரிசையாய் உட்கார்ந்துவிட்ட மருந்து
வயிற்றுக்குள் போய் எழுந்திருக்க மாட்டேனென்கிறதாம்.

நான் பயந்ததெல்லாம் குளிருக்கு.
கெடுத்தது குளிரில்லை.
வெளிச்சத்தில் பார்க்கலாமென்று
அடுக்களை மேசைக்குக் கொண்டுவந்தேன்,
காப்பி ஆறும்வரை வைத்திருந்தேன்.
கைகால் இளகியதும்
அதற்கு உட்கார வழி தெரிந்துவிட்டது.
அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி.
பிறகு அதைச் சுற்றி முள்முள்ளாக,
மரமும் விளக்கும் மறையுமட்டும்.

ஹில்க்காவுக்குப் படம் அனுப்பினேன்.
"இன்னொரு மீத்தைல் சேர்த்துப் பார்,
ஒரு பக்கம் மட்டும்," என்று பதில் வந்தது.

தௌனோவுக்கு வியாழனன்று கட்டுப் பிரிக்கிறார்கள்.