மழைச் செலவு

தேராவில் உதிரிப்பாகக் கடை.
இருபத்திரண்டு வருஷம் அவர் கணக்கை எழுதினேன்.
மொகுதூம் நெய்னா,
பேரிங் விற்ற காசை
மணலில் ஓட்டித் தீர்த்தவர்.

லிவா மேட்டுப் பந்தயத்தில்
நாற்பத்தொரு வண்டியில் நாற்பதாவது.
"கவிழ்ந்து கிடந்தவனை நிமிர்த்திவிட்டு வந்தேன் ஓய்,
அவன்தான் கடைசி" என்றார்,
பல்லிடுக்கெல்லாம் மணல்.

ஒரு ஜூலை, வியாழக்கிழமை மத்தியானம்
ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினார்.
ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், சலாலா.
சாரலில் ஒரு மணி நேரம் நின்றாராம். அவ்வளவுதான்.
சனிக்கிழமை காலை கல்லாவில் இருந்தார்,
சட்டையில் ஊறின துணி வாசனை.
பெட்ரோல் ரசீதை நீட்டினார்.
எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
"மழைன்னு போடும்."

போட்டேன்.
ஆடிட்டர் சிவப்பில் அடித்தார்.
அடுத்த வருஷமும் போட்டேன்.

திபிலீசி, ஜான்ஜிபார்,
பனி பார்க்க என்று எர்சுரும்;
அங்கே பனி பெய்யவில்லை,
தேன் வாங்கி வந்தார்.
பாஸ்போர்ட்டுகள் நான்கை ரப்பர் வளையத்தில் கட்டி
வாடகை ஒப்பந்தத்தோடு வைத்திருந்தார்.

எந்த வளைவிலும் போகவில்லை உயிர்.
மேல் தட்டிலிருந்து 
6204 டப்பாவை எடுக்க ஏறிய ஸ்டூலில்,
வாடிக்கையாளர் விலை கேட்டுக்கொண்டிருக்கையில்.

நேற்று வண்டியை வாங்க ஆள் வந்தது.
ஷார்ஜாவுக்கு நானே ஓட்டிக் கொடுத்தேன்.
நெடிய மனிதர்; சீட் கடைசிவரை பின்னால் கிடந்தது.
கால் எட்டவில்லை.
முன்னால் இழுக்கும் லீவர் எங்கே என்று தெரியும்.
இழுக்கவில்லை.
சீட்டின் விளிம்பில் தொற்றிக்கொண்டு
நாற்பதில் போனேன்;
பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

அவர் பார்த்திருந்தால்
தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.