ஐந்து ரூபாய்க் குற்றி

படகின் வயிற்றில் குற்றியால் தட்டிக்கொண்டே போவேன்.
டிங், டிங், டிங்,
பிறகு ஒரு தொப்.
அந்த இடத்தில் காற்று ஒளிந்திருக்கிறது.
சிவப்புச் சோக்கால் ஒரு வட்டம் போடுவேன்.

சீனக்குடாவில் எங்கள் பட்டறை.
ரெசின் மணம் சோற்றுப் பெட்டிக்குள்ளும் வரும்.
மாதம் ஆறு படகு வார்ப்பதாகப் பலகையில் எழுதியிருக்கிறது.
அதில் நாலை மறுபடி வெட்டுவதை
யாரும் எழுதவில்லை.
சுகிர்தன் கிறைண்டரால் வட்டத்தைத் தோண்டி,
இருமி,
புது நார்ப்பாய் வைத்து, புது ரெசின் பூசி முடிக்க
நாலாம் நாள் நான் தட்ட வருவேன்.
பக்கத்திலேயே இன்னொரு தொப்.

"நஜாத்தின் கை சரியில்லை"
என்றார் தெய்வேந்திரம் முதலாளி,
எல்லாருக்கும் கேட்க.
கிண்ணியாவிலிருந்து சைக்கிளில்
பாலத்துக் காற்றை எதிர்த்து மிதித்து வருகிறவன்.
பதில் சொல்லவில்லை.
அடுத்த படகில் உருளையை இன்னும் அழுத்தி உருட்டினான்.
அதிலும் ஏழு வட்டம்.

வாடை பெய்த ஒரு நாள் கரன்ட் இல்லை.
வேலையும் இல்லை.
பதினொரு படகின் பதிவுத் தாள்களை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
கைப் பிழை என்றால் சிதறியிருக்க வேண்டும்.
இவை கீரி மீன் கூட்டம்போல்
ஒரே இடத்தில் அடைந்து கிடந்தன:
அணியத்துக்குக் கீழே, ஏரா மடியும் மூலையில்.

அச்சுக்குள் குனிந்து உருளையை நீட்டிப் பார்த்தேன்.
எட்டவில்லை.
நஜாத்தைக் கூப்பிட்டேன்.
அவனுக்கும் ஒரு சாண் குறைந்தது.
அந்த மூலையைத் தூரிகை நுனியால் தடவிவிட்டுப் போயிருக்கிறான்,
இரண்டு வருடமாக.
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"சொன்னா, குட்டையன் எண்டு
வேற ஆளப் போடுவாங்க."

கக்கூசுக்கு வாங்கி மிஞ்சின குழாயில்
ஒரு முழம் வெட்டினோம்.
உருளையின் பிடியில் செருகி, துளைபோட்டு, ஆணி இறுக்கியது அவன்தான்.
இறுக்கிய பிறகும் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தான்.

அடுத்த படகில் இரண்டு வட்டம்.
அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை; நம்பாமல்
திரும்பவும் தட்டினேன், அணியத்திலிருந்து.
பிறகு ஒன்றில் மூன்று வந்தது,
அது ஈரமான பாய், வேறு கதை.
திருக்கடலூர் மரியசீலன் தன் படகைச் சொன்ன திகதிக்கே
இழுத்துப் போனான். முதலாளி சிரித்தார்.

நஜாத்திடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
எல்லாருக்கும் கேட்கச் சொன்ன அந்தச் சொல்
உள்ளே எங்கோ இருக்கும்.
அதைத் தட்டிப் பார்க்க என்னிடம் குற்றி இல்லை.

சுகிர்தன் கிறைண்டரைத் துடைத்து
சாக்கில் சுற்றி வைத்துவிட்டு வந்தான்.
"அப்ப எனக்கு இனி என்ன வேலை?"
நான் அவன் கையைப் பார்த்தேன்.
நல்ல நீளமான கை.