பதினெட்டுக் குதிரை

கதிர் ஒடித்து முடிந்து
மூன்று ஏக்கர் தட்டை நிற்கிறது பேரையூர்க் கரிசலில்.
காற்று வந்தால் யாரோ பத்திரம் கிழிக்கிற சத்தம்.
பக்கத்துக் காட்டில் தீ வைத்துவிட்டார்கள்.
விடிந்து பார்த்தால் கொடியில் கிடந்த பள்ளிக்கூடச் சட்டையெல்லாம்
கரித்தூள்.

நான் தீ வைக்க மாட்டேன்.
கொள்கை ஒன்றும் கிடையாது.
வரப்போரம் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது,
அதன் கடனும் ஓடுகிறது.

வண்டி என்னைவிட நான்கு வயது இளையது.
பச்சைப் பெயின்டுக்கு அடியில் ஒரு சிவப்பு,
அதற்கும் அடியில் என்னவோ.
பதினெட்டுக் குதிரை என்று தகட்டில் போட்டிருக்கிறது.
மேட்டில் ஏற்றும்போது எண்ணினால் பதினான்கு தேறும்;
மீதி நாலும் எங்கேயோ மேயப் போயிருக்கின்றன.

அதையே ஓட்டிக்கொண்டு திருமங்கலம் போனேன்.
டவுன் பஸ், மணல் லாரி, கல்யாண வேன்
எல்லாம் முந்தின.
கொழுந்தன் கொண்டுசாமி மட்கார்டில்,
மடியில் ஒரு கட்டு தட்டையோடு,
பெண் அழைத்து வருகிறவன் மாதிரி.

கடைப் பையன் அவனிடம்தான் பேசினான்.
"அஞ்சடி மல்ச்சர்ண்ணே, ஒரே ஓட்டம், தூளாப் போயிரும்."
கொண்டுசாமி தலையாட்டினான்.
அவனுடைய மொபெட்டே தள்ளினால்தான் கிளம்பும்.
எத்தனை கிலோ என்று நான் கேட்டேன்.
நானூறு என்று அவனுக்குப் பதில் வந்தது.

மாட்டச் சொன்னேன்.
லிவரைத் தூக்கினால்
மிஷின் தரையிலேயே இருந்தது,
வண்டி மூக்கைத் தூக்கிக்
கடையின் பெயர்ப்பலகையைப் படித்தது.
"முன்னாடி ரெண்டு பேர் உக்காந்தா சரியாப் போகும்."
யார் உட்காருவது, தினமும்?

அடுத்தது கையால் ஊட்டுகிற மிஷின்.
பாதி விலை.
அறுத்து, கட்டி, சுமந்து, வாயில் கொடுக்கணும்.
அந்த வாயைப் பார்த்தேன்.
கள்ளிக்குடி பவுனுத்தாய் இப்போது
இடது கையால்தான் சோறு பிசைகிறாள்.
வேண்டாம்.

மூன்றாவது கொல்லைப்பக்கம் கிடந்தது.
கப்பலூர்ப் பட்டறையில் செய்தது, பெயின்ட் வழிந்து காய்ந்தது.
மூன்றடி அகலம்.
எவரோ முன்பணம் கொடுத்துவிட்டு வராமலே போனது.
ஃபிட்டர் ஜெபமணி வேட்டித்துணியில் கை துடைத்தபடி
என்னைக் கேட்டார்:
"எத்தனை கியரும்மா?"
"ஆறு. மூணாவது வழுக்கும்."
"ரெண்டுல போங்க. ஒரு வரிசைதான் எடுக்கும்."

கொண்டுவந்த தட்டையைக் கடை முற்றத்தில் பரப்பினோம்.
ஷாஃப்ட் சுழன்றது.
இன்ஜின் ஒருமுறை இருமி, தம் கட்டி, நின்றுவிடாமல் போனது.
பின்னால் விரல் நீளத் துண்டுகள்.
ஒன்றை எடுத்துப் பிதுக்கினேன்:
வெள்ளைப் பஞ்சு, பஞ்சுக்குள் வழி,
வழி முடிகிற இடத்தில் பாதியாய் ஒரு தண்டுப்புழு.
அதைப் பார்த்த பிறகுதான் விலை பேசினேன்.

மானியப் படிவத்தில்
இத்தனை பழைய வண்டிக்குக் கட்டம் இல்லையாம்.
பில்லில் கொண்டுசாமி பெயரை எழுதினான் பையன்.
அடித்து எழுதச் சொன்னேன்: ஜக்கம்மாள்.
கார்பன் தாளில் இரண்டு பெயரும்
ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து
யாரும் படிக்க முடியாதபடி ஆகிவிட்டது.

முந்தாநாளிலிருந்து ஓட்டுகிறேன்.
ஒரு வரிசை, திரும்பு, ஒரு வரிசை.
பக்கத்துக் காடு ஒரே ராத்திரியில் முடிந்தது,
கறுப்பின்மேல் கறுப்பு.
என்னுடையது வெளிறிக் கிடக்கிறது.
மழை விழுந்தால் மக்கும் என்கிறார்கள். பார்க்கணும்.

நாற்பத்தொரு வரிசை ஆயிற்று.
மீதியை எண்ணவில்லை.
தட்டைக்குள் ஒரு கௌதாரிக் கூட்டம்
நான் திரும்பி வரும்போதெல்லாம்
நாலு வரிசை தள்ளிப் போய் உட்காருகிறது,
நடந்தே.