இலவச நாட்கள்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
எண்ணெய் டேங்கர்கள். நாற்பத்திரண்டு வரை எண்ணினேன்,
அப்புறம் விட்டுவிட்டேன்.
முன்னால் மீன்கூடை கட்டிய டிவிஎஸ் ஃபிஃப்டி,
பின்னால் ஓயாமல் ஹாரன் அடிக்கும் ஷேர் ஆட்டோ,
நடுவில் நான்,
கைப்பையில் இரண்டு கடிதங்கள்.

ராஞ்சி, இரண்டு வருடம், பத்தொன்பது லட்சம்.
முதல் தவணை பதினெட்டாம் தேதிக்குள்.
கிண்டிக்கு அந்தப் பக்கம், சனி ஞாயிறு, நாலரை லட்சம்.
மூன்றாவது ஒன்று உண்டு, அதற்குக் கடிதம் வராது:
திங்கட்கிழமை ஒன்பதரைக்கு
திருவொற்றியூர் யார்டில் என் நாற்காலி.

ஆறு வருடமாக அங்கே
பெட்டிகளுக்குக் காகிதம் எழுதுகிறேன்.
இறங்கிய பெட்டிக்கு ஐந்து நாள் வாடகை இல்லை.
ஆறாம் நாள் மீட்டர் ஓடத் தொடங்கும்.
உள்ளே தலையணையா எந்திரமா,
மீட்டருக்குக் கவலையில்லை.
எனக்கு இருபத்தொன்பது.
என் இலவச நாட்கள் எப்போது முடிந்தன என்று
யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்:
ஏன் மேலாண்மை? ஐந்நூறு சொற்களுக்குள்.
தலைமைப் பண்பு என்று எழுதினேன்.
உலகளாவிய பார்வை என்றும் எழுதினேன், கூசாமல்.
எழுதாமல் விட்டது நிதீஷை.
டெலிவரி ஆர்டர் என்றால் என்னவென்று
அவனுக்குக் காட்டிக்கொடுத்தவள் நான்.
கண்ணாடி அறை அவனுக்கு.
நல்ல பையன்தான்.
இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறான்,
என் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடும்போதும்.

இன்னொன்றையும் எழுதவில்லை.
கொழும்பில் ஒரு கப்பல் மூன்று நாள் தங்கினால்
தண்டையார்பேட்டையில்
துவரம்பருப்பு நாலு ரூபாய் ஏறுகிறது.
அந்த நாலு ரூபாய் வழியில்
யார் யார் பையில் இறங்கி ஏறுகிறது?
காகிதத்தின் ஒரு முனை என் கையில்.
மறுமுனையைப் பார்க்க வேண்டும்,
அவ்வளவுதான்.

நேர்முகத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"காசிமேடா? சினிமாவில் வருமே?"
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
சார், உங்கள் கையில் இருக்கும் போன்
எங்கள் தெருவைத் தாண்டித்தான் வந்திருக்கும்
என்ற பதில்
மாடிப்படி இறங்கும்போது வந்தது.

பெனாசிர் பெங்களூரிலிருந்து பேசினாள்.
"மொத வருஷம் பூரா பவர்பாயிண்ட்டுடி.
ரெண்டாவது வருஷம் யாரு யாரோட சாப்பிடுறாங்கன்னு பாக்கறது.
காசு அதுக்குத்தான்."
அவளுக்குத் தவணை இன்னும் ஐம்பத்தோரு மாதம்.
அப்ப போகாதேங்கறியா என்று கேட்டேன்.
அதை மட்டும் சொல்லவில்லை.

அம்மா இருபது பேர் ஏலச்சீட்டு நடத்துகிறவள்.
காலண்டர் தாளின் முதுகில் கணக்குப் போட்டாள்.
"அங்க குந்திக்கினு இருக்கற ரெண்டு வருஷ சம்பளம்,
அத்த சேத்துக்கினியா?"
நான் சேர்க்கவில்லை. பேங்க்காரர் சேர்க்கவில்லை.
வழவழப்பான அந்தக் கையேட்டிலும் இல்லை.
"இருபத்தாறு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்" என்றாள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு,
"இன்னா ஊரு சொன்ன? அங்க மீன் கெடைக்குமா?"

கிண்டி என்றால் மெட்ரோவில் திரும்பிவிடலாம்.
அதே கட்டில், அதே நாற்காலி,
பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து.
ராஞ்சி என்றால்
கடல் எந்தப் பக்கம் என்று
காலையில் எழுந்ததும் தெரியாது.
அது பயமா ஆசையா,
நேற்று ராத்திரி முழுக்கப் பிரித்துப் பார்த்தேன்.
இரண்டும் ஒரே சீலில் வந்திருந்தன.

கடைசி டேங்கர். கார்டு கொடி காட்டிப் போகிறார்.
கேட் தூக்கியதும்
இந்தப் பக்கத்துச் சாலை முழுதும் நாங்கள்,
அந்தப் பக்கத்துச் சாலை முழுதும் அவர்கள்,
தண்டவாளத்தில் முகத்துக்கு முகம்.
யாருக்கும் வழியில்லை, யாரும் நிற்கவுமில்லை.
மீன்கூடைக்காரர் திரும்பிப் பார்க்கிறார்:
"இன்னாமே யோசன, காலால தள்ளு."

இன்று பதினாறு.
எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளுகிறேன்,
ஓர் அடி,
கண்ணாடி உரச
இன்னும் ஓர் அடி.