பச்சைச் சாயம்

சனிக்கிழமை ஒன்பது மணி.
யேடிங் ஓடையில் நாங்கள் ஐந்து பேர்,
இடுப்புவரை ரப்பர்.
வலையை வைத்து மூன்று நிமிடம் காலால் கிளறினால்
கல்லடி உயிரெல்லாம் வெள்ளைத் தட்டுக்கு வரும்.
வரவேண்டும்.

ஜனவரியில் நன்னீர் இறால் நாற்பத்தொன்று.
மார்ச்சில் ஆறு.
மே மாதம் ஹேஸல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி எண்ணினாள்:
ஒரு அட்டை, ஒரு சிகரெட் பஞ்சு.

பாலத்தடியில் ஒரு குழாய்
சாம்பலாய்த் துப்பிக்கொண்டிருந்தது.
மழைநீர் மட்டுமே வரவேண்டிய குழாய்.
மழையோ பதினொரு நாளாய் இல்லை.
குனிந்து முகர்ந்தேன். லாவெண்டர்.
தெரிந்த வாசம்.
எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள்.
பார்த்தோம்.
தண்ணீர்க் கம்பெனி டுவெய்ன்
இரும்புக் கொக்கியால் தெருமூடிகளைத் தூக்க
நான் டார்ச் பிடித்தேன்.
பஸ் நிறுத்தத்தில் நுரை.
பள்ளி வாசலில் குழாய் இரண்டாகப் பிரிந்தது.
இடப்பக்கம் காய்ந்திருந்தது, ஒரு பென்சில் கிடந்தது.
வலப்பக்கம் என்றால்
எங்கள் தெரு.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.
எதிர்வீட்டு ஒப்ரையன்தான் என்று
மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்,
வாரம் மூன்றுமுறை கார் கழுவுகிற மனுஷன்.

ஒப்ரையன் வீடு சுத்தம்.
முப்பத்திரண்டாம் இலக்கம் சுத்தம்.
முப்பத்துநான்கை என் சாவியால் நானே திறந்தேன்.
டுவெய்ன் வாஷிங் மெஷினில் பொடியைப் போட்டு
ஓடவிட்டான்.
வழக்கமாய் சுகி என்கிற ஹேஸல்
தெருவிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள்:
"சுகந்தினி."

மூடிக்குக் கீழே
பச்சை, கிளிப்பச்சை,
அவசரமே இல்லாமல்
ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிப்ரவரியில், மலிவாய் முடித்துத் தருகிறேன் என்று
சமையலறையைப் பின்னால் நீட்டியவன்
கைக்கெட்டிய குழாயில் சொருகிவிட்டுப் போயிருக்கிறான்.
பதினான்கு வாரம்.
பள்ளிச் சட்டைகள், திரைச்சீலை,
ஓடையில் இறங்கிய சேற்று உடுப்புகளும்தான்.
சனி மாலைதோறும் நாற்பது டிகிரியில் போட்டு
எடுத்த சேற்றை
எடுத்த இடத்துக்கே அனுப்பியிருக்கிறேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
டெரன்ஸ் மட்டும் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி,
நல்லவேளை கண்டுபிடித்துவிட்டோம் என்றார்.
ஆங்கிலத்தில்
நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்.
எது என்று நான் கேட்கவில்லை.

குழாய் மாற்ற அறுநூற்றைம்பது பவுண்.
ஒப்ரையனுக்கு இப்போதெல்லாம் நானே முதலில்
காலை வணக்கம் சொல்கிறேன்;
ஏனென்று அவருக்குத் தெரியாது.

செப்டம்பரில் இறால் மூன்று.
குறிப்பு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
தேதியை இரண்டாம் முறை எழுதினேன்.