பூண்டு வழக்கு

மீலெத் தீவருகே பாறையில் ஏறியது கப்பல்.
நூற்றிருபது மூட்டை உப்பு
கடலுக்கே திரும்பிப் போனது.
ஆள் இருவர், அவர்களும்.
சுக்கான் பிடித்த ஸ்தியெபோவின் இடுப்பு முடிப்பில்
பாதி உரித்த பூண்டு ஒன்று.
வேறு சாட்சி வேண்டுமா?

பூண்டின் மூச்சுப் பட்டால் காந்தம் செத்துவிடும் என்பது
ஆயிரத்தைந்நூறு வருடமாய் எல்லோருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
ரகூசா நீதிமன்றத்தின் எழுத்தன் நான், மரோயிட்சா.
தெரிந்ததை எழுதி ரொட்டி தின்கிறவன்.

மூன்று பண்டிதர்கள் மூன்று புத்தகம் விரித்தார்கள்.
முதலாவது இரண்டாவதைச் சாட்சிக்கு அழைத்தது,
இரண்டாவது மூன்றாவதை,
மூன்றாவது முதலாவதை.
லத்தீன் நன்றாக இருந்தது.
முன்பணமாக இருபது கசையடி வாங்கியிருந்த ஸ்தியெபோ
சுவரில் சாயாமல் நின்றான்,
முதுகு ஒட்டிக்கொள்ளும் என்று.

பிறகு தேசாவைக் கூப்பிட்டார்கள்.
அந்தக் கப்பலின் திசைகாட்டிக்கு முள் செய்தவள்.
முள்ளில் பழுதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போகலாம்.
போகவில்லை.
"பூண்டு கிடைக்குமா?" என்றாள்.

மன்றம் சிரித்தது.
நீதிபதிகளின் மதியச் சமையலுக்கு வைத்திருந்தது வந்தது.
நகத்தால் உரித்தாள். மேசை விளிம்பில் நசுக்கினாள்.
மத்தி மீனுக்குத் தடவுகிற மாதிரி
முள்ளுக்கு இரு புறமும் தடவி,
தக்கையில் குத்தித் தண்ணீரில் விட்டாள்.

வாடை பிறக்கும் திசையை நாடுகிற முள்
பூண்டு வாடையில் வழி மறக்குமா?
தக்கை தயங்கியது, சுற்றியது,
கிண்ண விளிம்பில் முட்டி விலகியது.
நின்றது,
அவசரமில்லாமல், வடக்கே,
சிலுவைக்கும் கதவுக்கும் நடுவில் எங்கோ பார்த்தபடி.

"பூண்டு சொத்தை" என்றார் ஒரு பண்டிதர்.
சரி, வேறு பூண்டு.
"தண்ணீர் கழுவிவிட்டது."
சரி, நூலில் தொங்கட்டும்.
"இவள் கையில் ஏதோ இருக்கிறது."
நீதிபதியே மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு
நசுக்க உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்தது அவருக்கு.

யாரும் கேட்காமலே
பூண்டு படாத இன்னொரு முள்ளைப் பக்கத்தில் தொங்கவிட்டாள் தேசா.
"இது எதற்கு?"
"பூண்டு இல்லாவிட்டாலும் இப்படித்தான் நிற்குமா என்று
நமக்குத் தெரிய வேண்டாமா?"

இருபத்திரண்டு வருடமாய் எழுதுகிறேன்.
அந்தக் கேள்விக்குப் பதிவேட்டில் இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன், சின்ன எழுத்தில்.

மொத்தம் ஏழு முறை.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது,
ஏட்டுப் பூண்டு நாறுவதும் இல்லை.
இது நாறியது,
அங்கிகளில், திரைச்சீலையில், என் மையில்.

தீர்ப்பு: புத்தகங்களில் பிழையில்லை,
இந்தப் பூண்டின்மேலும் குற்றமில்லை.
ஸ்தியெபோவை விட்டார்கள்.
வாங்கிய இருபதைத் திருப்பிக் கொடுக்க
எந்த மன்றத்திலும் வழியில்லை.
படியிறங்கும்போது தேசா கேட்டாள்,
என்னிடம்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்:
"அன்றிரவு வரைபடம் யார் கையில் இருந்தது?"

வீட்டில் நான் பூண்டு தின்றேன், பச்சையாக, மூன்று பல்.
கடன் வாங்கி வந்த முள்ளின்மேல் ஊதினேன்.
ஏழு முறை நடந்தது
எட்டாவதற்கு ஜாமீன் ஆகுமா என்று ஒரு சந்தேகம்.
என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
முள் திருப்பிக்கொள்ளவில்லை.

தூக்கம் வராமல்
எனக்குத் தெரிந்த மற்றதையெல்லாம் எண்ணத் தொடங்கினேன்.
வாத்து மரத்தில் காய்க்கும்.
கொலைகாரன் அருகே வந்தால் பிணம் ரத்தம் கசியும்.
வெள்ளாட்டு ரத்தத்தில் ஊறவைத்தால் வைரம் இளகும்.

வெள்ளாட்டு ரத்தம் சந்தையில் மலிவுதான்.
வைரத்துக்கு
நான் எங்கே போவேன்?