மூன்று விரற்கடை

மலை மிதிவண்டி என்று பேர்.
இந்தத் தீவில் அதற்கு வாய்த்த மலை
மனாமாவுக்கும் முஹர்ரக்குக்கும் நடுவே
கடற்பாலம் முதுகைத் தூக்குகிற இடம்தான்.
இரவு இரண்டே முக்கால். எதிர்காற்று.
விமான உணவுக்கூடத்தில்
மூன்றரைக்குள் கைரேகை வைத்தாக வேண்டும்.

முன்பக்கம் ஸ்பிரிங் கிடையாது, வெறும் இரும்புக் கவை.
தார் வெடிப்பு, சாக்கடை மூடி, எவனோ கொட்டிய இறால் ஓடு,
எல்லாவற்றையும் மணிக்கட்டு
நடுவில் ஆள் வைக்காமல் கேட்டுக்கொள்கிறது.
கியருக்குக் கட்டைவிரல் நெம்பு. டக்கென்று விழாது.
ரேடியோவில் நிலையம் பிடிக்கிற மாதிரி
காதால் தேடி
கரகரப்பு அடங்கும் இடத்தில் விட வேண்டும்.

எண்ணெய் போட்டால் மணல் ஒட்டி மாவாகிச் செயினைத் தின்னும்.
வெள்ளிதோறும் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி,
பால்பவுடர் டின்னில் உருக்கிய மெழுகில் முக்கி எடுக்கிறேன்.
"பூசைக்குப் போகாமலே பூசை வாசனை"
என்பான் மேல்கட்டில் இன்னாசி.
இருபத்தாறு இஞ்சு டயர் இனிமேல் வராது
என்று சொல்லிச் சொல்லியே
எங்கிருந்தோ ஒன்று கொண்டுவருவான் ரொஃபிகுல்,
போன தடவையைவிட அரை தினார் கூட.

விற்றவன் டென்மார்க்காரன், கப்பல் பட்டறை இன்ஜினியர்.
வீடு காலிசெய்த அவசரத்தில் பன்னிரண்டு தினார்.
அவன் ஆறடி. நான் ஐந்தடி ஏழு.
சீட்டுத் தண்டு அலுமினியம், சட்டம் இரும்பு;
உப்புக்காற்று உள்ளே புகுந்து
இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டது.
ஆள் ஊருக்குப் போய்விட்டான்,
கால் நீளத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு.

இரண்டு வருஷம் நுனிக்காலில் மிதித்தேன்.
சிக்னலில் நடைபாதை விளிம்பு தேடிச் சாய்வேன்.
வினிகர். கொதிநீர். அமோனியா.
கோலாகூட ஒரு ராத்திரி முழுக்க.
"அறுத்துப் போடு" என்றான் ரொஃபிகுல்.

ஆகஸ்டில் ஒரு விடியல்.
கொழும்பு விமானம் ரத்தாகி
ட்ராலியில் மிஞ்சிய உலர்பனி குப்பைக்குப் போனது.
மூடி போடாத பிளாஸ்கில் நாலு துண்டு.
வாசல் காவலாளி புகையைப் பார்த்து
"சாயா?" என்றான்.
"சாயா" என்றேன்.

சீட்டைக் கழற்றி, தண்டின் குழலுக்குள் பனியைத் திணித்து
ஐந்நூறு எண்ணினோம், அவன் வங்காளத்தில், நான் தமிழில்.
நான்தான் முதலில் முடித்தேன்.
தண்டின் தலையை வைஸ் கடித்துக்கொள்ள
ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைத் திருகியபோது
அலறியது பாருங்கள்,
சந்துப் பூனைகள் ஒன்று மிச்சமில்லை.

வெள்ளைத் தூளைச் சுரண்டி, துடைத்து, இறக்கினோம்.
மூன்று விரற்கடை.

மறுநாள் குதிகாலுக்கு முதன்முறை பெடல் எட்டியது.
பாலம் பாதி மலையாகிவிட்டது.
ஆனால் உச்சியில்,
தினமும் நான் எண்ணுகிற தோணி விளக்குகள் மேல்
கைப்பிடிச் சுவரின் விளிம்பு வந்து உட்கார்ந்திருந்தது.
எம்பிப் பார்த்தேன். ஏழு.
உட்கார்ந்தால் ஒன்றுமில்லை.

நிறுத்தி, ஆலன் சாவி எடுத்து
ஒரு விரல் ஏற்றினேன்.
இரண்டு விளக்கு வந்தது.
இன்னும் அரை விரல்.
தண்டு வழுக்கிக்கொண்டு வந்தது, அவ்வளவு கிரீஸ்.

மூன்று முப்பத்தைந்து.
கதவருகே இயந்திரம் மூன்று தரம் சிவப்புக் காட்டியது,
விரலைத் துடைத்துவிட்டு வா என்று.